ஸ்க்ராட்ச்சில் ஒரு தாளக் கருவி: ஆதி தாளமும் முப்பது பிரேமும்

அண்ணன் மகள் பாட்டு கற்றுக்கொள்கிறாள். ஆரம்பப் பாடமான சரளி வரிசையை முதல் காலத்தில் பாடும்போது எல்லாம் சரியாக இருக்கும். மூன்றாம் காலத்துக்கு, அதாவது நான்கு மடங்கு வேகத்துக்குப் போனதும் வாய் முந்தும், கை பின்னால் ஓடும், ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முடிகிற இடத்தில் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். தாளம் போட்டுக் காட்டும் ஆப் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. ஆனால் போனைக் கையில் கொடுத்தால் சாதகம் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் பள்ளியில் ஸ்க்ராட்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பூனையை நடக்கவைத்து, பேசவைத்து அலுத்துவிட்டது அவளுக்கு. "அத்தை, இதுலயே தாளம் போட வைக்க முடியாதா?" என்று கேட்டாள். வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் ஸ்க்ராட்ச் செயலியை இறக்கி வேலையைத் தொடங்கினோம். இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும் என்பது இதில் பெரிய சௌகரியம்.

தெரியாதவர்களுக்கு: எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இலவசக் கருவி ஸ்க்ராட்ச். நிரலைத் தட்டச்சு செய்ய வேண்டாம். வண்ண வண்ண பிளாக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் அதுவே நிரல். 2019 ஜனவரியில் வந்த 3.0 பதிப்பிலிருந்து இசைக்கான பிளாக்குகள் பட்டியலில் தானாக இருப்பதில்லை. திரையின் இடது கீழ் மூலையில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பொத்தானைத் தட்டி 'மியூசிக்' என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்ததும் 18 தாள ஒலிகளும் 21 வாத்தியங்களும் கிடைக்கும். போங்கோ உண்டு, கொங்கா உண்டு, ஸ்டீல் டிரம் உண்டு. மிருதங்கமும் தம்புராவும் கிடையாது. அதைப் பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

முதலில் தாளம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. 'தாளம்' என்று ஒரு லிஸ்ட் போட்டு அதில் டிரம் எண்களை எழுதினோம். தட்டுக்கு 8, அது கைத்தட்டல். விரல் எண்ணிக்கைக்கு 3, அது டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்டும் ஒலி. வீச்சுக்கு 15, கபாசா. உள்ளங்கை காற்றில் திரும்புவதற்கு அந்தச் சரசரப்பு பொருத்தமாகவே இருந்தது. ஆக, 8, 3, 3, 3, 8, 15, 8, 15. லிஸ்ட்டுக்கும் வேரியபிளுக்கும் (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி) தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஸ்க்ராட்ச் முகம் சுளிக்காது.

மிஸ்ர சாபு தாளத்துக்குத் 'தகிட தகதிமி' என்று ஏழு இடம். அதில் சில இடங்கள் மௌனமாக இருக்க வேண்டும். அங்கே 0 எழுதினால் ஸ்க்ராட்ச் மௌனமாக இருக்காது. ஒன்றுக்குக் கீழே போகும் எண்ணைச் சுற்றிக் கொண்டுவந்து கடைசியில் இருக்கும் 18-ஐ வாசிக்கும். 18 என்பது குயிகா, பிரேசில் நாட்டு வாத்தியம்; தட்டினால் அல்ல, உள்ளே இருக்கும் குச்சியைத் தேய்த்தால் ஒலிக்கும். தகிட என்பதன் நடுவில் அது கீச்சென்று கத்தியதும் அண்ணன் மகள் சிரித்து உருண்டுவிட்டாள். 'எண் பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருந்தால் மட்டும் வாசி' என்று ஒரு 'இஃப்' பிளாக் போட்டதும் அடங்கியது. அதை எடுத்துவிடச் சொல்லி அவள் கெஞ்சியது தனிக் கதை.

அடுத்து சுவரம். ஸ்க்ராட்ச்சில் சுவரத்துக்கு எண்தான். 60 என்றால் பியானோவின் நடு 'சி', நம் சுருதிக் கணக்கில் ஒரு கட்டை. எண் ஒன்று கூடினால் ஓர் அரைச்சுரம் ஏறும்; கட்டைக் கணக்கில் அது பெரும்பாலும் அரைக் கட்டை, சில இடங்களில் நேரே அடுத்த கட்டை. இவள் பாடுவது ஐந்து கட்டை. அது 67, ஆனால் இவள் குரலுக்குரிய ஸட்ஜம் ஒரு ஸ்தாயி கீழே, 55. அதை 'ஸ' என்ற வேரியபிளில் வைத்தோம். மாயாமாளவகௌளைக்கு ஸட்ஜத்திலிருந்து தூரம் 0, 1, 4, 5, 7, 8, 11, 12. சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம், மேல் ஸட்ஜம். ஆரம்பப் பாடங்களை இந்த ராகத்தில் அமைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. கட்டை மாற்ற வேண்டுமானால் 'ஸ'வை மட்டும் மாற்றினால் போதும், மொத்த வரிசையும் கூடவே நகரும்.

வரிசைகளை ஒவ்வொன்றாக லிஸ்ட்டில் தட்டுவது பெரும்பாடு. நோட்பேடில் வரிக்கு ஓர் எண்ணாக எழுதிச் சேமித்துவிட்டு, மேடையில் தெரியும் லிஸ்ட்டின் மேல் வலது கிளிக் செய்து இம்போர்ட் கொடுத்தால் ஒரே மூச்சில் ஏறிவிடும். பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும் வேலை அவளுடையது. ஸ்வரம் மனப்பாடம் ஆனதற்கு அந்த நோட்பேடுக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம்.

இதுவரை எல்லாம் சுகம். தாளத்துக்கு ஒரு ஸ்ப்ரைட் (தனக்கென்று நிரல் உள்ள திரைப் பாத்திரம், அந்தப் பூனையைப் போல). அதில் 'பிளே டிரம்' ஓர் அட்சரத்துக்கு. சுவரத்துக்கு இன்னொரு ஸ்ப்ரைட். அதில் 'பிளே நோட்', முதல் காலத்தில் ஓர் அட்சரம், இரண்டாம் காலத்தில் 0.5, மூன்றாம் காலத்தில் 0.25. நிரலை ஓடவைக்கும் பச்சைக் கொடியை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அட்சரம் என்ற வேகம், மொத்த புராஜெக்டுக்கும் பொது, ஆகவே அதில் குழப்பம் வர வழியில்லை. மூன்று காலமும் ஓட்டிப் பார்த்தோம், ஓரளவு சேர்ந்தே போனது.

பிறகு அவள் திரையில் ஒரு பந்தை ஓடவிட்டாள். அட்சரத்துக்கு ஒரு தரம் மேலே போய்க் கீழே வரும் பந்து, பார்க்க அழகு. அன்றிலிருந்து மூன்றாம் காலம் கெட்டது. இரண்டாவது ஆவர்த்தனத்துக்குள் சுவரம் பின்தங்கியது காதுக்கே தெரிந்தது. "பந்து எப்படி அத்தை பாட்டைக் கெடுக்கும்?" நியாயமான கேள்வி.

காரணம் இது. ஸ்க்ராட்ச் தன் வேலையை நொடிக்கு 30 பிரேமாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு பிரேம் சுமார் 33 மில்லி செகண்ட். 'பிளே நோட்', 'ரெஸ்ட்', 'வெயிட்' எல்லாமே 'நேரம் ஆயிற்றா, ஆயிற்றா' என்று கேட்டுக்கொண்டே நிற்கும் பிளாக்குகள். திரையில் எதுவும் அசையாதபோது ஒரே பிரேமுக்குள் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும், ஆகவே தவறு சில மில்லி செகண்டோடு நிற்கும். ஏதாவது அசைந்தால் படத்தைப் புதிதாக வரையப் போய்விடும். அப்போது பிரேமுக்கு ஒரு தரம்தான் கேள்வி. நேரம் இடையில் முடிந்திருந்தாலும் அடுத்த பிரேம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கணக்குப் போட்டால் விளங்கும். டெம்போ 60, அட்சரத்துக்கு ஒரு நொடி. மூன்றாம் காலச் சுவரம் கால் நொடி, அதாவது ஏழரை பிரேம். அரை பிரேம் என்று ஒன்று கிடையாது, எட்டு ஆகிவிடும். ஒவ்வொரு சுவரமும் கால் நொடிக்குப் பதில் 0.267 நொடி எடுத்துக்கொள்கிறது. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 32 சுவரம். கடைசியில் பாக்கி அரை நொடிக்கும் சற்று மேல். தாளப் பக்கமும் இப்படிக் கொஞ்சம் பிந்தலாம். ஆனால் அதற்கு அட்சரத்துக்கு ஒரு தரம்தான் பாக்கி ஏறும், சுவரத்துக்கு நான்கு தரம். இரண்டுக்கும் நடுவில் கால் முதல் அரை அட்சரம் வரை இடைவெளி விழுகிறது. பந்தை நிறுத்தினால் பாட்டு சரியாவதும், ஓடவிட்டால் கெடுவதும் இதனால்தான்.

பந்தை எடுத்துவிடுவது சுலபம், அவள் விடவில்லை. நானும் அதைத் தீர்வாக நினைக்கவில்லை. ஒவ்வொரு பிளாக்கும் தன்பாட்டுக்கு நேரம் எண்ணினால் பாக்கி சேர்ந்துகொண்டேதான் போகும். கச்சேரியில் எல்லோரும் ஒருவர் கையைப் பார்த்து வாசிப்பதைப் போல, புராஜெக்ட் முழுவதுக்கும் ஒரே கடிகாரம் வேண்டும். ஸ்க்ராட்ச்சில் 'டைமர்' என்று ஒரு பிளாக் இருக்கிறது, அது பிரேம் கணக்கு பார்க்காமல் உண்மையான நேரத்தைச் சொல்லும். அதை வைத்து ஒரு தனி ஸ்ப்ரைட்டில் இப்படி மாற்றினோம்:

பச்சைக் கொடி அழுத்தியதும்
டைமரை ரீசெட் செய்
'அடுத்தது' = 0.5, 'எண்' = 0
ஃபாரெவர்:
— டைமர் > 'அடுத்தது' ஆகும்வரை காத்திரு
— 'எண்' மாட் 4 = 0 என்றால் 'தட்டு' என்று பிராட்காஸ்ட்
— 'எண்' மாட் (4 / 'காலம்') = 0 என்றால் 'பாடு' என்று பிராட்காஸ்ட்
— 'எண்'ணில் 1 கூட்டு
— 'அடுத்தது'-இல் 15 / டெம்போ கூட்டு

'ஃபாரெவர்' நிற்காமல் சுற்றும், 'மாட்' என்பது வகுத்தால் வரும் மீதி, 'பிராட்காஸ்ட்' மற்ற ஸ்ப்ரைட்டுகளுக்குச் செய்தி அனுப்பும். 'காலம்' என்பது முதல், இரண்டாம், மூன்றாம் காலத்துக்கு முறையே 1, 2, 4. 15 / டெம்போ என்பது கால் அட்சரத்தின் நேரம், நொடியில். கவனிக்க வேண்டியது கடைசி வரி. 'இப்போதைய நேரத்தோடு கால் அட்சரம் கூட்டு' என்று எழுதினால் பழைய கதைதான். முன்பே குறித்து வைத்த நேரத்தோடு கூட்டும்போது, ஒரு தட்டு 20 மில்லி செகண்ட் பிந்தினாலும் அடுத்த தட்டின் நேரம் அதனால் தள்ளிப்போகாது. பந்து ஓடட்டும், பூனை ஆடட்டும், நூறாவது ஆவர்த்தனத்திலும் தட்டும் சுவரமும் சேர்ந்தே விழும்.

இதில் ஒரு சின்ன நுணுக்கம். 'தட்டு' செய்தி வந்ததும் வாசிக்கும் 'பிளே டிரம்' பிளாக்கில் நேரத்தை 0 என்று கொடுத்தோம். டிரம்முக்கு 0 கொடுத்தால் ஒலி வரும், காத்திருக்காது. நமக்கு வேண்டியதும் அதுதான். நோட்டுக்கு 0 கொடுத்தால் சத்தமே வராது. அதற்கு 0.9 / 'காலம்' என்று வைத்தோம். முடிவதற்குள் அடுத்த 'பாடு' வந்துவிட்டாலும் கவலையில்லை: பழைய ஸ்கிரிப்ட் நின்று புதிதாகத் தொடங்கும், ஏற்கெனவே கிளம்பிய ஒலி தன் நேரம் வரை ஒலித்துவிட்டுத்தான் ஓயும்.

தாளத்தை லிஸ்ட்டில் எண்ணாக எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அலங்காரம் என்ற பாடம் வரும்போது ஏழு தாளம் இருக்கிறது, எட்டும் மூன்றும் பதினைந்துமாக எழுதினால் ஒரு வாரம் கழித்து யாருக்கும் புரியாது. 'மை பிளாக்ஸ்' பகுதியில் நாமே பிளாக் செய்துகொள்ளலாம். 'லகு' என்று ஒன்று, அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும்: லிஸ்ட்டில் ஒரு தட்டைச் சேர்த்து, எண்ணில் ஒன்று குறைத்து அத்தனை விரல்களைச் சேர்க்கும். 'திருதம்' ஒரு தட்டும் வீச்சும் சேர்க்கும். 'அனுதிருதம்' வெறும் தட்டு. இந்த மூன்றும் ஆன பிறகு தாளம் எழுதுவது, டீச்சர் நோட்டில் எழுதிக்கொடுப்பதைப் படிப்பதுதான். ஆதி என்றால் லகு 4, திருதம், திருதம். துருவம் என்றால் லகு 4, திருதம், லகு 4, லகு 4, பதினான்கு அட்சரம். ஜம்பை என்றால் லகு 7, அனுதிருதம், திருதம். அட தாளம் லகு 5, லகு 5, திருதம், திருதம். இந்தப் பிளாக்குகளைக் கோத்து முடித்ததும், லகு மட்டும்தான் ஜாதிக்கேற்ப (லகுவுக்கு எத்தனை அட்சரம் என்ற வகைக்கேற்ப) மாறும், திருதம் மாறாது என்பது அவளுக்கு விளக்காமலே பிடிபட்டது. முழு வேலையிலும் எனக்கு மிகவும் திருப்தி தந்த இடம் இதுதான்.

கைத்தட்டல் ஒலி டிஸ்கோ வாசனை அடிக்கிறது என்று பாட்டு டீச்சர் சொன்னார். தொடையில் தட்டும் ஒலியை நாங்களே பதிவு செய்தோம். சவுண்ட்ஸ் பகுதியில் மைக் பொத்தான் இருக்கிறது. பதிவில் தட்டுக்கு முன்னால் கொஞ்சம் வெற்று நேரம் இருக்கும். அதை அப்படியே வைத்தால் ஒவ்வொரு தட்டும் அந்த அளவுக்குப் பிந்தும், கடிகாரத்துக்குப் பட்ட பாடெல்லாம் வீண். அலை எழும்பும் இடம் வரை தேர்ந்தெடுத்து வெட்டிவிட வேண்டும். பந்துக்குப் பதிலாக இப்போது அவள் கையின் படங்கள் வருகின்றன: உள்ளங்கை, மூன்று விரல்கள், வீச்சு. காஸ்ட்யூம்ஸ் பகுதியில் உள்ள கேமராவிலேயே எடுத்தவை.

சுருதிக்கு 21 வாத்தியங்களில் எதுவும் ஒத்துவரவில்லை. வீட்டுச் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் வைத்துச் சில நொடி பதிவு செய்து சுழலவிட்டோம். சுற்று முடிந்து தொடங்கும் இடத்தில் ஒரு துண்டிப்பு கேட்டது. ஒரே ஸ்ப்ரைட்டில் அதே ஒலியை மறுபடி தொடங்கினால் முந்தையது நின்றுவிடும், ஒன்றன்மேல் ஒன்று படியாது. அதனால் ஸ்ப்ரைட்டை நகலெடுத்து இரண்டாக்கி, ஒன்று தேயும்போது மற்றது எழும்படி வால்யூமை ஏற்றி இறக்கினோம். துண்டிப்பு போய்விட்டது. கட்டை மாற்ற 'பிட்ச்' எஃபெக்ட் உதவுகிறது: 10 கூட்டினால் ஐந்தரைக் கட்டை, 20 குறைத்தால் நாலு கட்டை. ஒலியின் நீளமும் கூடவே கொஞ்சம் மாறும், சுருதிக்கு அது பாதகமில்லை.

சுருதி வந்ததும் இன்னொன்று வெளிப்பட்டது. காந்தாரமும் நிஷாதமும் சுருதியோடு உரசின. 'பிளே நோட்' வாசிப்பது பியானோ இடைவெளி, எல்லா அரைச்சுரமும் ஒரே அளவு. சுருதியோடு இழைந்து நிற்கும் அந்தர காந்தாரம் ஸட்ஜத்துக்கு 5/4 மடங்கு அதிர்வெண். அரைச்சுரக் கணக்கில் 4 இல்லை, 3.86. காகலி நிஷாதம் 15/8, அதாவது 10.88. லிஸ்ட்டை 0, 1.12, 3.86, 4.98, 7.02, 8.14, 10.88, 12 என்று மாற்றினோம். நோட் பிளாக்கின் கட்டத்தில் நேரே தட்டாமல் கூட்டல் பிளாக் வழியாகக் கொடுத்தால் ஸ்க்ராட்ச் தசமத்தையும் வாசிக்கிறது. முதல் முறை கேட்டதும் டீச்சர், "இப்போ காந்தாரம் சேருதும்மா" என்றார். நாங்கள் எதை மாற்றினோம் என்று அவருக்குச் சொல்லவே இல்லை.

கமகத்தில்தான், அதாவது சுவரத்தை அசைத்து வளைத்துப் பாடுவதில்தான் கை விரித்தோம். 'பிளே நோட்' கிளம்பிய பிறகு அதை வளைக்க வழியில்லை. பதிவு செய்த ஒலியைத்தான் பிட்ச் எஃபெக்ட்டால் வளைக்க முடியும். அவள் குரலில் ஒரு நீண்ட 'க' எடுத்து, தோடி காந்தாரம் போல ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஆடவிட்டுப் பார்த்தோம். ஆம்புலன்ஸ் போகிற மாதிரி இருந்தது. ஏற்றமும் இறக்கமும் ஒரே சீராக இருப்பதுதான் கோளாறு. நிஜக் கமகம் ஓரிடத்தில் நின்று, ஓரிடத்தில் வழுக்கி, சுவரத்தைத் தொட்டும் தொடாமலும் போகும். நேரமும் உயரமும் எழுதி எழுதி ஒன்றைச் செதுக்கலாம், செய்து முடித்தாலும் குழந்தை அதைக் கேட்டுக் கற்கக் கூடாது என்பது என் கட்சி. தாளத்துக்கு இயந்திரம் போதும். ராகத்துக்கு டீச்சர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒதுக்கிவிடுங்கள். திரையில் கை இறங்கிய பிறகு தட்டு கேட்கும், நிரலில் என்ன செய்தாலும் அது போகாது. வயர் வைத்த ஸ்பீக்கரே உத்தமம்.

இப்போது ஜண்டை வரிசைக்கு வந்திருக்கிறோம். ஸஸ ரிரி கக மம என்று வரும்போது இரண்டாவது சுவரத்துக்கு அழுத்தம் வேண்டும், இயந்திரம் இரண்டையும் ஒரே கனத்தில் வாசித்தால் ஜண்டையே இல்லை. 'அழுத்தம்' என்று இன்னொரு லிஸ்ட் போட்டு, 'பாடு' வரும்போதெல்லாம் அதிலிருந்து வால்யூமை எடுத்து வைக்கிறோம். முதல் ஸாவுக்கு 65, இரண்டாவதுக்கு 100. முதல் காலத்திலும் இரண்டாம் காலத்திலும் கேட்க நன்றாக இருக்கிறது. மூன்றாம் காலத்தில் 65 போதவில்லை, 50-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறாள்.